நம் கூட்டமைப்புக் கம்ப்யூட்டரின் சாவி யார் கையில்?



"கம்ப்யூட்டர் ஆபீஸ்ல இருக்கு. அதைப் பாத்துக்க ஆள் இருக்கு. நமக்கென்ன வந்துச்சு?" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருப்பது யாருடைய கணக்கு? நீங்கள் கட்டிய சந்தா, வாங்கிய கடன், அடைத்த தவணை, உங்கள் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், போன் நம்பர் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. குழுவின் பணப்பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் உடனே பதில் சொல்வோம். கம்ப்யூட்டரின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் பல கூட்டமைப்புகளில் பதில் வருவதில்லை. அதனால்தான் இந்த இதழில் இதைப் பற்றி எழுதுகிறோம்.

கணக்கு நமக்குப் புதிதல்ல. 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் ஐஃபாட் நிதி உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கியபோது, கையெழுத்துப் போடவே தயங்கிய பெண்கள் அதில் இருந்தார்கள். ஊக்குநர், பிரதிநிதி பயிற்சி எடுத்து, தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், கடன் பேரேடு எல்லாம் எழுதக் கற்றுக்கொண்டோம். 2015-ல் நபார்டு வங்கி 'இ-சக்தி' திட்டத்தைத் தொடங்கிய பிறகு குழுக்களின் கணக்கு கம்ப்யூட்டருக்கும் செல்போனுக்கும் போக ஆரம்பித்தது. நோட்டை நாமே எழுதினோம், நாமே பூட்டி வைத்தோம். கம்ப்யூட்டரை மட்டும் ஏன் வேறு ஒருவர் கையில் விட வேண்டும்?

நெட்வொர்க் என்றால் என்ன?

ஒரு கம்ப்யூட்டர் தனியாக இருந்தால் அது ஒரு நோட்டு மாதிரி. கூட்டமைப்பு அலுவலகத்தில் நான்கைந்து கம்ப்யூட்டர்கள் இருந்து, கணக்கர் போட்ட கணக்கை மேலாளர் தன் இடத்தில் இருந்தே பார்க்க வேண்டும், எல்லாரும் ஒரே பிரிண்டரில் பிரிண்ட் எடுக்க வேண்டும் என்றால், அவற்றை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். இந்த இணைப்புதான் நெட்வொர்க்.

நம்ம ஊர்க் குடிதண்ணீர் ஏற்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அதுபோல எல்லாருடைய கணக்கும் சேர்ந்திருக்கும் முக்கியக் கம்ப்யூட்டருக்கு 'சர்வர்' என்று பெயர். தொட்டியிலிருந்து தெருவுக்குப் போகும் பைப் போல இங்கே கேபிள் வயர். பைப் பிரியும் இடத்தில் வால்வு இருப்பது போல, கேபிள்கள் பிரியும் இடத்தில் 'ஸ்விட்ச்' என்ற சின்னப் பெட்டி இருக்கும். வெளியே இருந்து கூட்டுக் குடிநீர்க் குழாய் ஊருக்குள் நுழையும் இடம் போல, இன்டர்நெட் உள்ளே வரும் இடத்தில் இருப்பது 'ரவுட்டர்'. வைஃபை வருவதும் பெரும்பாலும் இந்தப் பெட்டியிலிருந்துதான்.

தொட்டி, பைப், வால்வு எல்லாம் இருந்தும் டேங்க் ஆபரேட்டர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒரு தெருவில் தண்ணீர் வீணாக ஓடும், இன்னொரு தெருவில் சொட்டுக்கூட வராது. நெட்வொர்க்குக்கும் அப்படி ஒரு ஆள் வேண்டும். அவர் பெயர்தான் 'அட்மினிஸ்ட்ரேட்டர்'. சுருக்கமாக 'அட்மின்' என்பார்கள். கம்ப்யூட்டரில் டைப் அடிக்கும் வேலை வேறு, அட்மின் வேலை வேறு. யார் எந்தக் கணக்கைத் திறக்கலாம் என்று அனுமதி கொடுப்பது, தினமும் நகல் எடுத்து வைப்பது, வைரஸ் வராமல் காப்பது, பழுது வந்தால் எங்கே என்று கண்டுபிடிப்பது, இதையெல்லாம் பதிவேட்டில் எழுதி வைப்பது ஆகியவை அட்மினின் வேலைகள்.

வெளி ஆளை நம்பினால் என்ன ஆகும்?

ஒரு கூட்டமைப்பில் நாங்கள் பார்த்ததைச் சொல்கிறோம். கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரரே எல்லாவற்றையும் செட் பண்ணிக் கொடுத்தார். கணக்கு சாஃப்ட்வேரின் முக்கிய பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். கொஞ்ச நாளில் அவர் கடையை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். போன் நம்பரும் மாறிவிட்டது. அதன் பிறகு ஒருநாள் முக்கியக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது. நகல் எங்கே என்று தேடினால், மேசை டிராயரில் கிடந்த ஒரு பென் டிரைவில் எட்டு மாதத்துக்கு முந்தைய கணக்குதான் இருந்தது.

தணிக்கைக்கு நாள் நெருங்கிவிட்டது. ஒவ்வொரு குழுவாகப் போய், உறுப்பினர்களின் பாஸ்புத்தகத்தைப் பார்த்து எட்டு மாதக் கணக்கைத் திரும்ப ஏற்றினார்கள். பாஸ்புத்தகம் சரியாக வைத்திருந்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. மழையில் பாஸ்புத்தகம் நனைந்து எழுத்தழிந்துபோன ஒரு அக்கா, தான் கட்டிய ஐந்து தவணையை நிரூபிக்கக் குழுவின் பழைய சலான்களைத் தேடி இரண்டு நாள் வேலையை விட்டு அலைந்தார். கட்டிய பணத்தைக் கட்டினேன் என்று சொல்லக் கூனிக்குறுகி நிற்க வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் பழுதானதற்கு அவர் என்ன செய்வார்? ஆனால் கஷ்டம் அவருக்குத்தான் வந்தது.

இதைத் தடுக்கப் பெரிய செலவு எதுவும் தேவை இல்லை. பயிற்சி பெற்ற இரண்டு பெண்கள் அந்த அலுவலகத்தில் இருந்திருந்தால் போதும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது?

முதலில், ஒருவரை மட்டும் அனுப்பாதீர்கள். குறைந்தது இரண்டு பேர், முடிந்தால் மூன்று பேர். "கல்யாணம் ஆகிப் போயிடும், அந்தப் பொண்ணு வேண்டாம்", "கைக்குழந்தைக்காரி, அவளால முடியாது" என்று பெயரை அடிக்கும் பழக்கம் நம் கூட்டங்களிலும் இருக்கிறது. யாரும் எப்போது வேண்டுமானாலும் ஊரை விட்டுப் போகலாம், உடம்புக்கு முடியாமல் போகலாம். மூன்று பேருக்குத் தெரிந்திருந்தால் ஒருவர் போனாலும் வேலை நிற்காது. ஒரு பெண்ணின் வாய்ப்பையும் பறிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, கணக்கு எழுதுபவரே அட்மினாக இருக்கக் கூடாது. ரொக்கம் வைத்திருப்பவரும் கணக்கு எழுதுபவரும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்று நாம் ஏன் வைத்திருக்கிறோம்? யார் மீதும் சந்தேகத்தினால் அல்ல. யார் மீதும் சந்தேகம் வராமல் இருப்பதற்காக. அதே விதிதான் இங்கும். கணக்கை ஏற்றுபவர் ஒருவர், அனுமதிகளைக் கையில் வைத்திருப்பவர் இன்னொருவர்.

மூன்றாவது, படிப்பு. பத்தாம் வகுப்பு முடித்து, ஆங்கில எழுத்துக்களை வாசிக்கத் தெரிந்தால் தொடங்கலாம். பொறுமையும், செய்ததை எழுதி வைக்கும் பழக்கமும்தான் முக்கியம். வாரம் தவறாமல் ரொக்கப் புத்தகம் எழுதிய பிரதிநிதிகளிடம் இந்த இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன.

நான்காவது, ஊதியம். இதைச் சேவை என்று சொல்லி இலவசமாக வாங்காதீர்கள். கடைக்காரர் வந்து பார்த்தால் ஒவ்வொரு முறையும் பணம் கொடுக்கிறோம். நம் பெண் பார்த்தால் மட்டும் ஏன் 'ரொம்ப நன்றிம்மா'வோடு நிறுத்த வேண்டும்? மாத மதிப்பூதியத்தைத் தீர்மானத்தில் எழுதுங்கள்.

பயிற்சியில் என்னென்ன இருக்க வேண்டும்?

பயிற்சி கொடுக்க வருபவர்களிடம் முன்கூட்டியே பாடத்தைக் கேட்டு வாங்குங்கள். கீழே உள்ள ஆறும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

1. கை பழகுதல். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். தூசி துடைப்பது, ராம், ஹார்ட் டிஸ்க் மாற்றுவது, கேபிள் முனையில் பிளக் மாட்டுவது எல்லாம் கையால் செய்தால்தான் வரும். நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் இருக்கும். வழக்கமான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். கோலத்தில் புள்ளி மாறினால் கோலமே மாறுவது போல, இந்த வரிசை மாறினால் இணைப்பு வராது, வந்தாலும் விட்டு விட்டு வரும். ஒரே கேபிளை 100 மீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது என்பதும் இதில் வரும். இடி மின்னல் நேரத்தில் மின்சார பிளக்கையும் இன்டர்நெட் கேபிளையும் கழற்றி வைக்க வேண்டும். லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.-ல் மாட்டக் கூடாது, அது இழுக்கும் மின்சாரத்தை யு.பி.எஸ். தாங்காது.

2. முகவரி. ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு எண் இருப்பது போல நெட்வொர்க்கில் உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும், பிரிண்டருக்கும் ஒரு எண் உண்டு. அதை 'ஐ.பி. முகவரி' என்பார்கள். சிறிய அலுவலகங்களில் இது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். இரண்டு மிஷினுக்கு ஒரே எண் வந்துவிட்டால், தபால் மாறிப் போவது போல வேலை குழம்பும். எந்த மிஷினுக்கு எந்த எண் என்று ஒரு வரைபடம் வரைந்து சுவரில் ஒட்டப் பழக வேண்டும்.

3. ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. எல்லாரும் ஒரே பாஸ்வேர்டில் நுழைந்தால், யார் எதை மாற்றினார்கள் என்று எப்படித் தெரியும்? விண்டோஸில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்றும் 'சாதாரணப் பயனாளர்' என்றும் இரண்டு வகைக் கணக்கு உண்டு. தினசரி வேலைக்கு எல்லாரும் சாதாரணக் கணக்கைத்தான் பயன்படுத்த வேண்டும், அட்மின் உட்பட. வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை அன்றைக்கே நிறுத்த வேண்டும். ரவுட்டர் வாங்கும்போது கம்பெனி வைத்துக் கொடுக்கும் பாஸ்வேர்டையும் முதல் நாளே மாற்ற வேண்டும். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அலுவலக வைஃபை பாஸ்வேர்டைக் கொடுக்கக் கூடாது. தேவைப்பட்டால் விருந்தினருக்கென்று தனி வைஃபை பல ரவுட்டர்களில் வைக்கலாம்.

4. நகல் எடுத்தல். இதுதான் உயிர்நாடி. '3-2-1' என்று நினைவில் வையுங்கள். மொத்தம் 3 பிரதிகள். 2 வகையான இடங்களில் (கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று என்பது போல). அதில் 1 பிரதி அலுவலகத்துக்கு வெளியே. வெள்ளம், தீ, திருட்டு எது வந்தாலும் ஒரு பிரதி மிஞ்சும். விதை நெல்லை ஒரே குதிரில் கொட்டி வைக்காத மாதிரிதான் இது. நகல் எடுத்ததும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட வேண்டும். மாட்டியே வைத்திருந்தால் கம்ப்யூட்டருக்கு வரும் வைரஸ் அதற்கும் வரும். வெளியே போகும் பிரதிக்குப் பாஸ்வேர்டுப் பூட்டு அவசியம். மாதம் ஒருமுறை அந்த நகலைத் திறந்து, ஏதாவது ஒரு குழுவின் கணக்கு சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நம்ப முடியாது.

5. பாதுகாப்பு. 2017 மே மாதம் 'வானாக்ரை' என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டிப்போட்டது. திறக்க வேண்டுமானால் பணம் கட்டு என்று கேட்டது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளே தடுமாறிப்போயின. ஆனால் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொண்டவர்கள் தப்பித்தார்கள். 'அப்டேட்' என்று திரையில் வருவதைத் தள்ளிப்போடக் கூடாது என்பது இதனால்தான். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்த இலவசத் திருத்தங்கள் நின்றுவிட்டன. உங்கள் அலுவலகத்தில் எது ஓடுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. "பேங்க்ல இருந்து பேசுறோம், உங்க கம்ப்யூட்டர்ல ஒரு ஆப் போடுங்க" என்று போன் வந்தால், போடவே கூடாது. அந்த ஆப் வழியாக அவர்கள் எங்கிருந்தோ நம் கம்ப்யூட்டரை இயக்கிவிடுவார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

6. பழுது கண்டுபிடித்தல். "நெட் வரல" என்றால் உடனே கடைக்காரருக்குப் போன் போடக் கூடாது. வரிசையாகப் பார்க்க வேண்டும். ஸ்விட்சில் விளக்கு எரிகிறதா? கேபிள் இறுக்கமாக இருக்கிறதா? பக்கத்துக் கம்ப்யூட்டரில் வருகிறதா? ரவுட்டர் பதில் சொல்கிறதா? பக்கத்தில் வந்தால் கோளாறு இந்த மிஷினிலோ கேபிளிலோதான். எதிலும் வரவில்லை, ஆனால் ரவுட்டர் பதில் சொல்கிறது என்றால், பெரும்பாலும் வெளியே இருந்து வரும் லைனில்தான் கோளாறு. தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் பக்கத்துத் தெருவில் வருகிறதா என்று நாம் கேட்பதில்லையா? அதே யோசனைதான்.

பயிற்சி எப்படி நடக்க வேண்டும்?

பலகையில் எழுதிப் போட்டுவிட்டுப் போனால் பயன் இல்லை. பயிற்சியாளர் வேண்டுமென்றே ஒரு கேபிளைக் கழற்றி வைக்க வேண்டும், ஒரு எண்ணை மாற்றி வைக்க வேண்டும், ஒரு கோப்பை அழிக்க வேண்டும். நம் பெண்கள் கண்டுபிடித்துச் சரி செய்ய வேண்டும். இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டராவது இருக்க வேண்டும். குறிப்பு தமிழில் இருக்க வேண்டும். பஸ் நேரத்தைப் பார்த்து வகுப்பு நேரத்தை வைக்க வேண்டும். கைக்குழந்தையோடு வருபவருக்கு ஒரு ஏற்பாடு வேண்டும். ஒரே மூச்சில் முடிக்காமல், சில நாள் வகுப்பு, பிறகு சில வாரம் அலுவலகத்தில் வேலை, வந்த சந்தேகத்தோடு மறுபடி வகுப்பு என்று வைத்தால் மனதில் நிற்கும்.

முறையாகப் படிக்க விரும்பும் பெண்களுக்கும் வழி உண்டு. ஐ.டி.ஐ.-களில் 'கோபா' என்ற ஓராண்டுக் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வங்கிகள் நடத்தும் ஆர்செட்டி பயிற்சி நிலையங்களில் கட்டணம் இல்லை. கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பு, நெட்வொர்க் வகுப்பு இந்த வருடம் உண்டா என்று உங்கள் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் கேளுங்கள். நன்றாகக் கற்றவர்கள் பக்கத்துப் பள்ளி, பால் சங்கம், கடைகளுக்கும் இந்த வேலையைச் செய்து கொடுத்துச் சம்பாதிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. "பெரிய சர்வர் வாங்குங்க, டொமைன் போடுங்க" என்று சிலர் லட்சக்கணக்கில் கணக்குச் சொல்வார்கள். நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர் உள்ள கம்பெனிக்கு அது தேவை. எல்லா மிஷினின் அனுமதியையும் ஒரே இடத்திலிருந்து நடத்த அது உதவும். நான்கைந்து கம்ப்யூட்டர் உள்ள நம் அலுவலகத்துக்கு ஒரு நல்ல கம்ப்யூட்டரைச் சர்வராக வைத்து, நகலை ஒழுங்காக எடுத்தாலே போதும்.

பாஸ்வேர்டை எங்கே வைப்பது?

நம் வங்கிக் கணக்கில் ஒருவர் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்க முடியாது. அதையே இங்கும் செய்யலாம். அட்மின் பாஸ்வேர்டுகளை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் தலைவியும் செயலாளரும் கையெழுத்திட்டு, அலுவலக பீரோவில் பூட்டி வையுங்கள். அட்மின் வர முடியாத அவசரத்தில் இருவரும் சேர்ந்துதான் பிரிக்க வேண்டும். பிரித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பாஸ்வேர்டை மாற்றி, புது உறை போட வேண்டும்.

இது வெறும் ஒழுங்குக்காக மட்டும் இல்லை. தனிநபர் தகவல்களைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் அமைப்புகள் அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம் 2023-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. உறுப்பினரின் ஆதார் நகலைப் பாதுகாப்பது கூட்டமைப்பின் கடமை.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத சகோதரியும் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை.

* நம் அலுவலகக் கம்ப்யூட்டருக்கு அட்மின் யார்? அவர் இல்லாவிட்டால் அடுத்தவர் யார்?
* கடைசியாக நகல் எடுத்த தேதி என்ன? அதைத் திறந்து பார்த்த தேதி என்ன?
* அலுவலகத்துக்கு வெளியே உள்ள பிரதி எங்கே, யார் பொறுப்பில் இருக்கிறது?
* வேலையை விட்டுப் போனவர்களின் பாஸ்வேர்டு நிறுத்தப்பட்டதா?
* பாஸ்வேர்டு உறை பீரோவில் இருக்கிறதா? கையெழுத்து கலையாமல் இருக்கிறதா?
* அட்மின் பதிவேட்டைப் போன மாதம் யார் பார்த்துக் கையெழுத்திட்டார்?

ஆறில் இரண்டுக்குப் பதில் வராவிட்டாலும் உங்கள் கணக்கு ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கோபப்பட வேண்டாம், யாரையும் குறை சொல்ல வேண்டாம். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கச் சொல்லுங்கள். பயிற்சிக்குப் போகும் இரண்டு மூன்று பெண்களின் பெயர், அவர்களுடைய பயணப்படி, மதிப்பூதியம், தொடங்கும் தேதி ஆகிய நான்கையும் தீர்மானத்தில் எழுதுங்கள். அதுவரை உங்கள் பாஸ்புத்தகத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரமாக வையுங்கள், ஒவ்வொரு தவணைக்கும் மறக்காமல் பதிவு போட்டு வாங்குங்கள்.